சிதம்பரம்: ரயில்வே கேட்டுக்கு எந்தப் பக்கம் பாட்டு?

5 ஜனவரி 2025 (வாசகர் கேள்வி)

மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பாட்டும் பரதமும் பழகுகிறாள். சிதம்பரத்தில் இசை படிக்க வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு. உறவினர் ஒருவர் தடுக்கிறார். "அது கோயில் ஊர், அவ்வளவுதான். பாட்டு கீட்டு எல்லாம் யூனிவர்சிட்டி வந்த பிறகு செட்டியார் காசில் வந்தது. வகுப்பு முடிந்தால் கேட்க ஒன்றும் இருக்காது" என்கிறார். அங்கே படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

5 ஜனவரி, இரவு

நான் படித்தவன். 1988லிருந்து மூன்று வருடம், வாய்ப்பாட்டு. உங்கள் உறவினர் சொல்வது சுத்தத் தப்பு.

அண்ணாமலைச் செட்டியாரின் பல்கலைக்கழகம் 1929ல் வந்தது. அதற்கு முன்னால் 1920ல் மீனாட்சி கல்லூரி. முத்துத்தாண்டவர் அதற்கெல்லாம் சுமார் முந்நூறு வருடம் முந்தியவர். சீர்காழிக்காரர். தினம் தில்லைக்கு வந்து, சன்னதியில் முதலில் யார் வாய்ச்சொல் காதில் விழுகிறதோ அதையே எடுப்பாக, அதாவது முதல் அடியாக வைத்து ஒரு பாட்டுப் பாடுவார் என்பது கதை. மாரிமுத்தாப் பிள்ளை, பக்கத்துத் தில்லைவிடங்கன். கோபாலகிருஷ்ண பாரதி நந்தனை வைத்து எழுதியது முழுக்க, இந்த ஊருக்கு வந்து சேர ஒருவன் துடித்த கதை. இவர்களில் யார் கையிலும் யூனிவர்சிட்டி அடையாள அட்டை இல்லை.

கேட்க ஒன்றும் இருக்காதாம்! 12ம் தேதி ஆருத்ரா தேர். உறவினரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

6 ஜனவரி

காலையில் படித்தால் நேற்றைய பதில் டீக்கடைச் சண்டை மாதிரி இருக்கிறது. கேட்டது ஒரு பெண்ணின் படிப்பு. நான் சொன்னது முத்துத்தாண்டவர். ஊர் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்கிறேன்.

ரயில் பாதை ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே கோயில், அதைச் சுற்றி நான்கு வீதி, கடைகண்ணி. கிழக்கே அண்ணாமலை நகர்: வகுப்புகள், விடுதிகள், மரங்கள், சாஸ்திரி அரங்கம். எங்கள் காலத்தில் நடுவில் ரயில்வே கேட். அப்போது மீட்டர் கேஜ். கேட் மூடிவிட்டால் கீழவீதிக்குப் போகிறவன் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நிற்க வேண்டியதுதான். என் அறைத்தோழன் யாழ்ப்பாணத்துக்காரன், காது கூர்மை. வண்டி ஊதினதும் அதன் சுருதியை "நாலரைக் கட்டை" என்பான். மறுநாள் அதே வண்டி, அதே நேரம், "அஞ்சு" என்பான். டிரைவருக்கு ஜலதோஷம் என்று நான் சொல்வேன்.

சொல்ல வந்தது என்னவென்றால், அந்தக் கேட்டைத் தாண்டுவது குறைவு. பகலில் இந்தப் பக்கம் தோடியும் கல்யாணியும் படிப்போம். அந்தப் பக்கம் அதே தோடி இலவசமாக ஒலித்துக்கொண்டிருக்கும். பரீட்சை இருக்கிறது என்று போகமாட்டோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

9 ஜனவரி

சாப்பாடு எப்படி என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கத்தரிக்காய் கொத்சு. சம்பா சாதத்தோடு சாப்பிட வேண்டியது. இட்லிக்கும் ஊற்றுகிறார்கள், தப்பில்லை. ஆருத்ரா அன்று களி. சேந்தனார் விறகு வெட்டிப் பிழைத்தவர். அரிசி வாங்க வழியில்லாத நாளில் மாவைக் களியாகக் கிண்டி அடியாராக வந்த சிவனுக்குப் போட்டார் என்பது ஐதீகம். தேர் சேற்றில் அழுந்தி நகராமல் நின்றபோது அவர்தான் "மன்னுக தில்லை" என்று பல்லாண்டு பாடி நகர்த்தினார். ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. ஆக, இந்த ஊரில் பாட்டு என்பது நெம்புகோல்.

இதற்கு மேல் களியைப் பற்றி எழுதினால் வீட்டில் கிண்டச் சொல்வேன், வீட்டில் என்னையே கிண்டச் சொல்வார்கள்.

12 ஜனவரி, இரவு

கடலூரிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போய்விட்டு இப்போதுதான் திரும்பினேன். கால் வலிக்கிறது, இருந்தாலும் இன்றே எழுதிவிடுகிறேன்.

மற்ற ஊர்களில் மூலவர் உள்ளே இருப்பார், உற்சவர் வெளியே வருவார். இங்கே கருவறையான சித்சபையில் இருக்கிற நடராஜரே எழுந்து தேருக்கு வந்துவிடுகிறார். வருடத்தில் இரண்டு முறை, மார்கழியிலும் ஆனியிலும். அன்று சபையில் அவர் இல்லை. "சாமி வீட்டில் இல்லாத நாள்" என்று விடுதிச் சமையல்காரர் ஒருவர் சொல்வார்.

ஐந்து தேர்: பிள்ளையார், முருகன், நடராஜர், சிவகாமியம்மன், சண்டிகேசுவரர். கீழவீதியில் கிளம்பி தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றி நிலைக்கு வர வேண்டும். கூட்டம் வடத்தைப் பார்க்கும். நான் சக்கரத்தைப் பார்ப்பேன். முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் பின்னாலேயே நடந்துகொண்டு வருகிறார். கையில் ஆப்பு மாதிரிச் சரிவாகச் செதுக்கிய கட்டை. திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில் அதைச் செருகுகிறார். சக்கரம் கட்டை மேல் ஏறி, மரம் நசுங்குகிற சத்தம் கேட்டு, தேர் அரை அடி விலகுகிறது. உடனே கட்டையை உருவிக்கொள்கிறார். அவ்வளவு பெரிய தேருக்கு ஸ்டியரிங் அந்த ஒரு மனிதர்தான். யாரும் அவரைப் படம் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை, கை நடுங்கியது.

முன்னால் நாதஸ்வரம். கிளம்பும்போது மல்லாரி, கம்பீர நாட்டையில். பாட்டுக்குச் சொல் கிடையாது, தத்தகாரம் மாதிரி நடைதான். அதிலேயே தேர் மல்லாரி, தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி என்று வகை உண்டு. தெருவில் இருக்கிறவன் காதாலேயே சாமி எங்கே போகிறார் என்று தெரிந்துகொள்வான்.

தெற்கு வீதியில் தேர் நின்ற இடைவேளையில் வாசிக்கிறவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உலவிலிருந்து, அதாவது நாதஸ்வரத்தின் மரக்குழலிலிருந்து, கொத்தாகச் சீவாளிகள் நூலில் தொங்கின. சீவாளி என்பது வாயில் வைத்து ஊதுகிற நாணல் துண்டு. ஒன்றைக் கழற்றி வாயில் வைத்து ஊற வைத்தார். எடுத்து வெறுமனே ஊதினார். வாத்து கத்தின மாதிரி. தலையை ஆட்டி நூலில் விட்டார். இரண்டாவதை விரல் நுனியால் கொஞ்சம் அமுக்கினார், ஊதினார், அதுவும் பிடிக்கவில்லை. மூன்றாவதைச் செருகி ஒரு சட்ஜம் பிடித்தார், தவில்காரர் கண்ணால் சரி என்றார். ஐந்து நிமிடம் இதே வேலை. நாங்கள் மூன்று வருடம் சுருதி சுத்தம் என்று நோட்டில் எழுதினோமே, அது இதுதான்.

"ஐயா, எங்கே கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"பாதி அப்பாகிட்ட. பாதி கேட்டுக்கு அந்தப் பக்கம்" என்றார்.

உங்கள் கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் என்னிடம் இல்லை. மேலவீதி முனையில் கஞ்சித்தொட்டிப் பக்கம் மீனவர் மண்டகப்படிக்காகத் தேர் நின்றது. அம்மன் அவர்கள் வீட்டுப் பெண் என்று உரிமை. அதுவரைதான் இருந்தேன். பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருந்தது.

13 ஜனவரி

இன்று தரிசனம். இந்த வருடம் போகியும் இன்றே. விடியற்காலையில் ஆயிரங்கால் மண்டபமான ராஜசபையில் அபிஷேகம் நடக்கிற நேரம் ஊரெல்லாம் பழைய பாய் எரிகிற புகை இருந்திருக்கும். நான் போகவில்லை, முட்டி ஒத்துழைக்கவில்லை. வீட்டில் களி கிடைத்தது. நான் கிண்டவில்லை.

19 ஜனவரி

நேற்று திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை. பஞ்சரத்தினம் கேட்டுக்கொண்டே யோசித்தேன். 5ம் தேதி எழுதியதில் அவசரப்பட்டுவிட்டேன். உறவினர் சொன்னதில் பாதி சரி.

முத்துத்தாண்டவரைப் பெரிதாகச் சொன்னேனே, அவர் பாட்டை நான் எங்கே கற்றேன்? வீதியில் இல்லை, வகுப்பில். எனக்குச் சொல்லித்தந்தவர் எங்கிருந்து கற்றார்? புத்தகத்திலிருந்து. அந்தப் புத்தகம் பல்கலைக்கழகம் போட்டது. பழைய தமிழ்க் கீர்த்தனைகளை எடுத்துச் சுரக்குறிப்போடு தொகுதி தொகுதியாக அச்சிட்டார்கள். பல பாட்டுக்குப் பழைய மெட்டு தொலைந்தே போயிருந்தது; பின்னால் வந்த வித்துவான்கள் மெட்டுப் போட்டார்கள். செட்டியார் காசு இல்லை என்றால் இன்றைக்கு நாட்டியமேடையில் இவற்றில் எத்தனை கேட்கும்?

1943ல் அண்ணாமலை நகரில் முதல் தமிழிசை மாநாடு. கச்சேரியில் தமிழ்ப் பாட்டு என்றால் கடைசியில் துக்கடா என்றிருந்த காலம். கல்கி, டி.கே.சி. எல்லாம் அந்தப் பக்கம் நின்று எழுதினார்கள். எதிர்ப்பும் பலமாக இருந்தது. 1946ல் திருவையாற்றில் தண்டபாணி தேசிகர் ஒரு தமிழ்ப் பாட்டைப் பாடினதும், சன்னிதி தீட்டுப்பட்டது என்று பேச்சுக் கிளம்பியது. நேற்று அங்கே உட்கார்ந்து பாடியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ.

எங்களுக்கு முந்தின தலைமுறைக்கு இங்கே கொடுத்த பட்டம் சங்கீதபூஷணம். சபேசய்யர், டைகர் வரதாச்சாரியார், தஞ்சை பொன்னையா பிள்ளை என்று கற்பித்தவர்கள் வரிசை. பின்னால் தேசிகரும் வந்து பேராசிரியராக இருந்தார். பேராசிரியராக இருந்த புகழில்தான் ஜெமினி படத்தில் நந்தனாராக நடித்தார்.

20 ஜனவரி

இரண்டு பிழை. ஒன்று, முதல் மாநாடு 1941 ஆகஸ்டில். 1943 சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கின வருடம். குழப்பிவிட்டேன்.

இரண்டாவது, நந்தனார் படம் 1942. தேசிகர் பேராசிரியரானது அதற்கெல்லாம் வெகு பின்னால். சினிமாவில் திருநாளைப்போவாராக, அதாவது நந்தனாராகப் பாடியவர், பிறகு தில்லைக்கே வேலைக்கு வந்து சேர்ந்தார். நான் தலைகீழாக எழுதியதைவிட உண்மை எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். சுட்டிக்காட்டியவர் என் மனைவி. அவருக்கும் அதே ஊரில் படிப்பு, ஆனால் கணக்கு.

2 பிப்ரவரி

யாழ்ப்பாணத்து நண்பனைப் பற்றிக் கேட்டு மூன்று பேர். பெயர் சொல்லமாட்டேன், இப்போது வெளிநாட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான்.

அவனை மாதிரி நிறையப் பேர் அங்கிருந்து வந்து படித்தார்கள். இந்தத் தொடர்பு பழையது. பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரே மட்டக்களப்புப் பக்கத்து விபுலாநந்தர்தான், 1931ல் வந்தார். பழந்தமிழ் யாழ்களைக் கணக்குப் போட்டு மீட்டு யாழ்நூல் எழுதினவர். அது 1947ல் அரங்கேறியது.

எங்கள் அறையில் யாழ் இல்லை, ஒரு சுருதிப்பெட்டி இருந்தது. மழை நாளில் துருத்தியில் ஓட்டை விழுந்துவிடும். சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற பசையும் ட்யூப் துண்டும் வைத்து அவன் ஒட்டுவான். அதற்கப்புறம் பெட்டி பாடும்போதெல்லாம் ரப்பர் நாற்றம். இன்றைக்கும் பஞ்சர் கடையைத் தாண்டினால் எனக்கு மாயாமாளவகௌளை ராகம் ஞாபகம் வருகிறது. கைப்பேசியில் தம்புரா செயலி வைத்திருக்கிற உங்கள் மகளுக்கு இது புரியாது, பரவாயில்லை.

அவனுக்கு ஊரிலிருந்து கடிதம் வராத மாதங்கள் உண்டு. 88, 89, 90. எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அப்போதெல்லாம் கேட்டைத் தாண்டிப் போய்ச் சிவகங்கைத் தீர்த்தக் கரையில் உட்கார்ந்திருப்பான். சாயரட்சைக்கு மேளம் கேட்கும். திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் தூங்கிவிடுவான்.

27 பிப்ரவரி

சிவராத்திரி முடிந்தது. அதையொட்டி நடக்கிற நடன விழாவான நாட்டியாஞ்சலிக்குப் போய் வந்தேன். கேட்டவரின் மகள் பரதம் ஆடுகிறவள் என்பதால் கொஞ்சம் விரிவாக.

1981ல் தொடங்கினது. நான் படித்தபோது கோயிலுக்குள்ளே பிராகாரத்தில் மேடை. ஆடி முடித்து மூச்சு வாங்க நிற்கிற பெண்ணுக்குப் பின்னால் கோபுரம் தெரியும். அந்தக் கோபுர வாசலில்தான் கரணம் எனும் நாட்டிய நிலைகளின் சிற்பங்கள், கிரந்த எழுத்தில் நாட்டிய சாஸ்திர சுலோகத்தோடு. தஞ்சைப் பெரிய கோயிலில் 108ல் 81தான் செதுக்கி முடித்தார்கள், மீதிக் கட்டம் வெறுமையாக நிற்கிறது. இங்கே 108ம் உண்டு. இப்போது அறக்கட்டளையின் மேடை கோயிலுக்கு வெளியே. ஒலி நன்றாக இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, எனக்கு ஏதோ குறைகிறது. வயசு காரணமாகவும் இருக்கலாம்.

நேற்று இரவு மாரிமுத்தாப் பிள்ளையின் "காலைத் தூக்கி" மட்டும் நான் எண்ணினவரை நான்கு குழு. யதுகுலகாம்போதி கேட்டுக் கேட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு தாத்தா, "கால் வலிக்காதா அவருக்கு" என்றார். ஆனால் நான்காவது குழுவில் ஒரு சின்னப் பெண், பன்னிரண்டு வயசிருக்கும். சலங்கையில் ஒரு வரிசை அறுந்து மணிகள் மேடையில் ஓடின. அவள் கீழே பார்க்கவில்லை. தூக்கின காலை அப்படியே வைத்துக்கொண்டு, மணி உருள்கிற திசையை விட்டு ஒரு அடி தள்ளி இறக்கினாள். தாளம் தப்பவில்லை. தாத்தா எழுந்து நின்றுவிட்டார்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்கிறேன். இந்த வாரத்தில் தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை, திருநள்ளாறு என்று பல ஊரில் நாட்டியாஞ்சலி. குழுக்கள் ஒரு ராத்திரிக்கு ஒரு ஊர் என்று வேனில் சுற்றுகின்றன. சில வருடம் முன்னால் என் தங்கை மகளை அப்படி ஓர் இடைத்தரகர் வழியாக அனுப்பினோம், வேறொரு ஊருக்கு. மேடை, சாப்பாடு, வீடியோ எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் வாங்கினார். பிள்ளைக்கு மேடை கிடைத்தது விடிகாலை மூன்று மணிக்கு, எதிரே நாலு நாற்காலி, அதில் இரண்டில் நாங்கள். வீடியோ இன்னும் வரவில்லை. ஆசிரியர் நேராக விண்ணப்பித்து அழைத்துப் போனால் மட்டும் அனுப்புங்கள்.

3 மார்ச்

12 ஜனவரி குறிப்பைப் பலர் பகிர்ந்திருக்கிறார்கள். "பாதி அப்பாகிட்ட, பாதி கேட்டுக்கு அந்தப் பக்கம்" என்பதைத் தனியாக வெட்டிப் படமாகப் போட்டு, பின்னால் கோபுரமும் வைத்து. அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. அவர் அப்படிச் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது என் மண்டைக்குள் அது அப்படித் திருகிக்கொண்டுவிட்டது. அவர் சொன்னது ஏறக்குறைய இது:

"அப்பாகிட்டதான் சார். அப்புறம் காலேஜுக்கும் போனேன். சர்டிபிகேட் இருந்தாத்தான கவர்மென்ட் இசைப் பள்ளிக்கு எழுதிப் போட முடியும்? அங்க போனதுல சுரம் எழுதப் படிக்க வந்துச்சு. அப்பாவுக்கு அது வராது."

கேட் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. அது என் கேட். அவருக்கு அது வேலைக்குப் போகிற வழி. மகனைச் சேர்ப்பீர்களா என்று கேட்டேன், அதையும் எழுதாமல் விட்டிருந்தேன். "அவன் தவில் பக்கம் போறான், அதுவும் அங்க இருக்கு, பாப்போம்" என்றார். நாள் முழுக்க வாசித்தால் என்ன கிடைக்கும் என்றும் கேட்டேன். சிரித்தார், சொல்லவில்லை.

2 ஜூலை

நேற்று ஆனித் தேர். கேள்வி கேட்டவர் குடும்பத்தோடு வந்திருந்தார், உறவினரும் கூட. தெற்கு வீதியில் சந்தித்தோம். உறவினர் நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும், "சுத்தத் தப்புன்னு எழுதினது நீங்கதானா?" என்றார். பாதி சரி என்று ஜனவரியிலேயே திருத்திவிட்டேன் என்றேன். அதை அவர் படிக்கவில்லையாம்.

மகள் இசையா நாட்டியமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மல்லாரியை நாட்டியத்தின் தொடக்க உருப்படியாக ஏற்கெனவே ஆடியிருக்கிறாள், ஒலிப்பதிவுக்கு. எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும் என்றாள். இங்கே தேர் நிலையைவிட்டு அசைய அரை மணி ஆனது. அதுவரை மல்லாரி நிற்கவில்லை, திரும்பத் திரும்ப வேறு வேறு காலத்தில் வந்துகொண்டிருந்தது. அவள் முதலில் கைப்பேசியில் பதிவு செய்தாள். கூட்டம் இடித்தது, பையில் போட்டுவிட்டாள். விரலில் எண்ண ஆரம்பித்தாள். இரண்டு தடவை தப்பினாள், மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டாள்.

அதே நாதஸ்வரக்காரரா என்று தேடினேன். இல்லை, இந்த முறை வேறு குழு.

அப்புறம் விடுதி பற்றிக் கேட்டார்கள். பெண்கள் விடுதியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மனைவியிடம் போனைக் கொடுத்துவிட்டேன், முக்கால் மணி நேரம் பேசினார். கொத்சு எந்தக் கடையில் என்பது உட்பட.

அந்தப் பெண் இரவு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவரின் படம். தெளிவாக எடுத்திருக்கிறாள். கட்டையின் நுனி நார் நாராகப் பிரிந்திருப்பதுகூடத் தெரிகிறது.